ஆறு சிரிப்பும் ஒரு பீரோவும்

குழந்தைகளின் வலியை ஒழிப்பதற்கென்றே மதுரையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது என்பது, மகளின் தொடையில் கஞ்சி கொட்டிய பிறகுதான் சிவபாண்டிக்குத் தெரிந்தது. அதுவரை வலி தானாக வந்து தானாகப் போகிற ஒன்று என்று நினைத்திருந்தான். அதற்கு ஓர் இயக்குநர், ஒரு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர், ஓர் ஒருங்கிணைப்பாளர், வாசலில் ஒரு நீரூற்று எல்லாம் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சிவபாண்டி ஆனையூர்க்காரன். மாட்டுத்தாவணியிலிருந்து கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் பவதாரிணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனையைத் துரத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடியபோது, சோறு வடித்து வைத்திருந்த கஞ்சிச் சட்டி சாய்ந்துவிட்டது. இடது தொடை முழுக்கக் கொப்புளம். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, "ஆறிரும். ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிச்சுக் கட்டணும், அந்த நேரந்தான் பிள்ளைக்கு உசுரு போகும். வலிக்குன்னே பெரிய ஆஸ்பத்திரி தொறந்திருக்காங்களாம்ல, அங்க கொண்டு போங்க" என்றார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் முழுப்பெயர், 'நல்லமுத்து நினைவு குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் வலி மேலாண்மை மற்றும் ஆராய்ச்சி உயர் மையம்'. பெயர்ப்பலகை வாசலில் தொடங்கி, சுற்றுச்சுவர் மூலையில் திரும்பி, அடுத்த தெருவில் முடிந்தது. ஆராய்ச்சி என்ற சொல்லைப் பார்க்க வேண்டுமானால் டீக்கடைப் பக்கம் போக வேண்டும்.

உள்ளே வரவேற்றவர் கிளமெண்ட். முன்பு ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கே வலி ஒருங்கிணைப்பாளர். வலியை எதோடு ஒருங்கிணைக்கிறார் என்று சிவபாண்டி கேட்கவில்லை. கேட்க மனம் வராத அளவுக்கு அவர் அன்பாக இருந்தார்.

"வாங்கண்ணே, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. பாப்பா பேரு என்ன? பவதாரிணியா? சூப்பர். வலிக்குதாடா செல்லம்?"

"வலிக்குது."

"அப்படி வாயால சொல்லக் கூடாதுடா. அதுக்குன்னு அட்டை வச்சிருக்கோம்ல."

வழவழப்பான அட்டை ஒன்றை எடுத்தார். இப்படி ஓர் அட்டை எல்லா ஊரிலும் உண்டாம். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியுமாம். தன் வலி எந்த முகம் மாதிரி இருக்கிறதோ அதைக் குழந்தை தொட்டுக் காட்டினால் போதுமாம். மற்ற ஊர்களில் அவை வெறும் கோட்டுப் படங்கள். நம் மண்ணுக்கேற்ற முகம் வேண்டும் என்று மையம் தீர்மானித்தது. நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, இயக்குநர் டாக்டர் ராயப்பனின் முகமே மண்ணுக்கு மிகவும் ஏற்றது என்று தேர்வுக் குழு கண்டுபிடித்தது. தேர்வுக் குழுவின் தலைவரும் அவர்தான்.

அட்டையில் ஆறு ராயப்பன்கள் இருந்தார்கள், ஜீரோவிலிருந்து ஐந்து வரை. ஐந்தாம் எண்ணுக்காக ஸ்டுடியோவில் கண்ணில் கிளிசரின் விட்டு அவர் அழுதும் பார்த்தாராம். ஆனால் ஓர் இயக்குநர் அழுவதுபோல் படம் வருவது நிறுவனத்தின் மதிப்புக்கு உகந்ததா என்று நிர்வாகக் குழுவில் யாரோ கேட்டுவிட்டார்கள். ஆகவே ஆறிலும் சிரித்தார். ஐந்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"எதுடா செல்லம், தொடு பாப்போம்?"

பவதாரிணி அட்டையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணு போலத்தேன் இருக்கு."

சிவபாண்டிக்குக் கூச்சமாகப் போயிற்று. பெரிய இடத்தில் வந்து பிள்ளை இப்படிப் பட்டென்று பேசுகிறதே. "நல்லாப் பாரு ஆத்தா, சார் கேக்குறாகள்ல" என்று அதட்டிவிட்டு அவனும் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஒன்று போலத்தான் இருந்தது. பத்தாவதில் நின்றுபோன கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டான்.

பவதாரிணி யோசித்து, கண்ணாடி இல்லாத ராயப்பனைத் தொட்டாள். கிளமெண்டின் முகம் விழுந்துவிட்டது.

"அஞ்சா? மொத நாளே அஞ்சு போட்டா எப்படிடா செல்லம், நம்ம வார்டுக்கு ஷீல்டு கிடைக்க வேண்டாமா? ஜீரோ தொடுற பிள்ளைக்கு இந்தா, இந்தத் தங்க ஸ்டார் ஒட்டுவோம்."

"உள்ள போயிட்டு வந்து தொடும் சார்" என்றான் சிவபாண்டி, மகளுக்காக மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கட்டுப் பிரிக்கும் அறையில் ஜெனி என்ற நர்ஸ் இருந்தாள். மூலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு பீரோ, மேலும் கீழுமாக இரண்டு பூட்டுகளோடு நின்றது.

"மருந்து அதுக்குள்ளதாண்ணே இருக்கு. வாயில கொஞ்சம் ஊத்தி, அரை மணி நேரம் விட்டுப் பிரிச்சோம்னா பிள்ளை கதை பேசிட்டே கட்டுப் போட்டுக்கிரும். அம்புட்டு நல்ல மருந்து."

"அப்ப ஊத்துங்க சிஸ்டர்."

"ரெண்டு சாவில்லண்ணே."

அது கடுமையான சட்டத்துக்கு உட்பட்ட மருந்து. தவறான கைக்குப் போய்விடக் கூடாது என்று இரட்டைப் பூட்டு. ஒரு சாவி இயக்குநரிடம், இன்னொன்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் தங்கம் அம்மாவிடம். இருவரும் சேர்ந்து வந்து திறக்க வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டில் ராயப்பனின் பெயர் முதல் வரியிலும், தங்கத்தின் பெயர் பந்தல் போட்டவர் பெயருக்கும் கீழேயும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் இருக்கும் அறைக்கு இவர் வருவதில்லை. அவர் காலையில் வந்தால் இவர் மாலையில் வருவார். இருவருக்கும் பேச வேண்டியது இருந்தால் கிளமெண்ட் மாடிக்கும் கீழுக்கும் ஓடுவார்.

"அப்ப இந்த பீரோவத் தொறந்ததே இல்லையா சிஸ்டர்?"

"தொறந்தோமே. திறப்பு விழா அன்னைக்கு ரிப்பன் வெட்டித் தொறந்து, போட்டோ எடுத்துட்டுப் பூட்டினோம்."

"வேற ஏதாச்சும் வலி மாத்திரையாவது?"

"ஆராய்ச்சியில இருக்கிற பிள்ளைக்குக் குடுக்கக் கூடாதாம்ணே. வலி கொறைஞ்சு போச்சுன்னா எதை அளக்குறதுன்னு கேக்குறாங்க." ஜெனி குரலைத் தாழ்த்தினாள். "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. பிள்ளையப் பிடிச்சுக்கங்க."

சிவபாண்டி பிடித்துக்கொண்டான். அந்த அறைக்குச் சத்தம் வெளியே போகாத சுவர். மையம் முதன்முதலில் வாங்கியதே அந்தச் சுவரைத்தான் என்று பிறகு கிளமெண்ட் பெருமையாகச் சொன்னார். சுவர் நல்ல சுவர். உள்ளே பவதாரிணி அலறியதில் ஒரு துளிகூட வெளியே போகவில்லை. அவள் ஜெனியின் சட்டைக் கையைக் கிழித்தாள், அப்பாவின் மணிக்கட்டைக் கடித்தாள், படுக்கையை நனைத்துவிட்டாள். சிவபாண்டி ஜெனியிடம், "மன்னிச்சுக்கங்க சிஸ்டர், வீட்டுல இப்படியெல்லாம் செய்யாது" என்றான்.

வெளியே கிளமெண்ட் அட்டையோடு நின்றார்.

சிவபாண்டி குனிந்து மகளின் காதில் சொன்னான்: "ஜீரோவத் தொடு ஆத்தா. அம்புட்டுத்தேன், வீட்டுக்குப் போயிறலாம்."

அவள் தொட்டாள். நெற்றியில் தங்க நட்சத்திரம் ஒட்டினார்கள்.

வீட்டில் அவன் மனைவி திவ்யா வாசலிலேயே நின்றிருந்தாள். "வலிச்சதா பிள்ளைக்கு?"

"ஜீரோ" என்றான் சிவபாண்டி.

"ஜீரோன்னா?"

"வலியே இல்லையாம்."

"ஆமா, வலியே இல்லாதவதேன் தொண்ட கட்டிப்போயி வந்திருக்காளாக்கும். பேசுறதே கேக்கல. ஒங்க கையில என்ன பல்லுத் தடம்?"

"பெரிய ஆஸ்பத்திரி திவ்யா. அவுகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

மறுநாள் மாலையிலிருந்து கிளமெண்ட் போன் செய்யத் தொடங்கினார். வீட்டில் பிள்ளையின் வலி எவ்வளவு என்று தினமும் கேட்டறிவதும் ஆராய்ச்சியின் பகுதி. "அண்ணே, பாப்பா இன்னைக்கு எம்புட்டு? ஜீரோ போட்டுக்கவா?" சிவபாண்டி அந்நேரம் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பான். "போட்டுக்கங்க சார்" என்பான். இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது.

அடுத்தடுத்த தடவைகளில் பவதாரிணி தேறினாள். அதாவது கட்டு அவிழ்க்கும்போது அலறுவதைக் குறைத்தாள். வலி வரும்போது இயக்குநரின் முகத்தை மனதில் நினைத்து, அதேபோல் உதட்டை விரிக்க வேண்டும் என்று சிரிப்புப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வார்டுக் கட்டிலில் எலும்பு முறிந்து கிடந்த பையன் ஒருவன் எவ்வளவு சொல்லியும் ஐந்தையே தொட்டான். அவனை 'ஒத்துழையாதோர்' பிரிவுக்கு, மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். அங்கே லிஃப்ட் போகாது. பவதாரிணி அவன் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று கேட்பதற்கு முன்பே ஜீரோவைத் தொட்டாள்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் தங்கம் அம்மா பேசினார். பட்டுப்புடவை கட்டி, கைப்பையை மடியில் அணைத்தபடி எழுந்தார். "இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை என் பொறுப்பில் உள்ள பீரோவிலிருந்து ஒரு சொட்டு மருந்துகூட வெளியே போனதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வேறு ஆஸ்பத்திரிகளில் போய்ப் பாருங்கள். மருந்து கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறார்கள். அங்கே மருந்து எப்படி மிஞ்சும்?" பெற்றோர்கள் கைதட்டினார்கள். சிவபாண்டியும் தட்டினான். பக்கத்தில் இருந்தவர் தட்டும்போது நாம் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

பிறகு மாநாடு வந்தது. நகரத்தின் மறுபுறம் ஒரு பெரிய மண்டபம். 'வலியற்ற குழந்தை, வலிமையான நாடு' என்று வளைவு கட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து மேற்பார்வைக் குழுத் தலைவர் வந்திருந்தார். அதிகமான ஜீரோக்கள் எடுத்தவள் என்ற முறையில் பவதாரிணிக்கு மேடையில் இடம். புதுப் பாவாடை சட்டை அவர்களே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மேலிடத்து விருந்தினர் வரும்போது இருவரும் மேடையில் இருந்தாக வேண்டும் என்பதால் ராயப்பனும் தங்கமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பூச்சாடி.

ராயப்பன் பேசினார். அட்டையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். சிரிப்பு மட்டும் அதே அளவு.

"பச்சிளம் குழந்தைகளுக்கு வலியே தெரியாது என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகம் நம்பியது. மயக்க மருந்துகூட இல்லாமல் அறுவை செய்தார்கள். அது அறியாமையின் காலம்! அவர்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றுமில்லை. வெறும் நம்பிக்கை. ஆனால் இன்று, குழந்தைகளுக்கு வலி இல்லை என்பதை நாம் புள்ளிவிவரத்தோடு நிரூபித்திருக்கிறோம்!"

மண்டபம் அதிர்ந்தது. மேற்பார்வைக் குழுத் தலைவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அவர் மைக்கை வாங்கி, "இதை நான் நேரில் பார்க்க வேண்டும்" என்றார். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. ஆனால் தலைவர் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கமும் இல்லை. ராயப்பன் ஜெனியைப் பார்த்தார். ஜெனி தரையைப் பார்த்தாள். அன்று கட்டுப் பிரிக்க வேண்டிய நாள்தான். மேடைக்கு ஒரு மேசையும் வெள்ளைத் துணியும் வந்தன.

சிவபாண்டிக்கு அப்போதுதான் ஒன்று பட்டது. ராயப்பனின் இடுப்புச் சங்கிலியில் சாவி தொங்கியது. தங்கம் அம்மாவின் சாவி அந்தக் கைப்பைக்குள் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரு பூச்சாடி தூரத்தில் இருக்கின்றன. அவன் கிளமெண்டின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சார், ரெண்டு சாவியும் ஒண்ணா இருக்குல்ல?"

"கவனிச்சீங்களா! அபூர்வம்ணே. போட்டோ எடுத்துட்டேன்."

"அப்ப மருந்து?"

"பீரோ அங்கல்லண்ணே இருக்கு."

"வெளிய என் வண்டி நிக்கிது சார். குட்டியானை. பீரோவத் தூக்கிப்போட்டு இந்தா வந்துருவேன். அம்புட்டு நேரம் பொறுக்க மாட்டாகளா?"

கிளமெண்ட் அவனைப் பரிவோடு பார்த்தார். "பீரோவ நகத்தணும்னா ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போடணும்ணே. யாரு மேல போடுறது, யாரு கீழ போடுறதுன்னு..." பூச்சாடியைக் கண்ணால் காட்டினார். "விடுங்க. பாப்பாதான் பழகிருச்சே."

அந்த இடத்தில் சிவபாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கலாம். வாசல் பக்கத்தில்தான் இருந்தது. யாரும் கையைப் பிடித்துத் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிவபாண்டி மேடையேறி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, காதில் சொன்னான்:

"அழுதுறாத ஆத்தா. பெரியவுகள்லாம் வந்திருக்காக. அப்பா மானத்தக் காப்பாத்து."

ஜெனி துணியை உரிக்கத் தொடங்கினாள். பவதாரிணி உதட்டை விரித்தாள். பல் தெரிந்தது. கண்ணிலிருந்து நீர் இரு பக்கமும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்க, உதடு மட்டும் விரிந்தபடியே இருந்தது. அது ஐந்தாம் எண் ராயப்பனின் சிரிப்பு, அச்சு அசலாக. துணியின் கடைசி முனை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் விரல்கள் அப்பாவின் விரல்களை நொறுக்கிவிடும்போல் இறுகின.

"எவ்வளவும்மா?" என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

"ஜீரோ."

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் சிவபாண்டியின் பக்கம் திரும்பி, "அருமையாக வளர்த்திருக்கிறீர்கள்" என்றார். பெரிய மனிதர் பாராட்டும்போது கும்பிடாமல் இருக்க முடியுமா? சிவபாண்டி மகளின் பிடியிலிருந்து கையை உருவி, இரண்டு கையாலும் கும்பிட்டான். அந்த நேரம் பார்த்து ஜெனி கடைசி முனையை இழுத்தாள். பவதாரிணியின் கை காற்றில் எதையோ தேடிவிட்டு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'சிறந்த ஒத்துழைப்புப் பெற்றோர்' என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள்.

கேடயத்தைத் திவ்யா டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். சில நாள் கழித்து, பிள்ளையைக் குளிப்பாட்டப் போனவள், தொடைக் கட்டிலிருந்து ஒரு வாடை வருவதாகச் சொன்னாள். நெற்றி கொதித்தது. தொடை வீங்கி இடுப்புவரை சிவந்திருந்தது.

"எத்தன நாளாடி இப்படி வலிக்குது?"

பவதாரிணி சிரித்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இத என்னன்னு பாருங்க. நம்ம பிள்ளை சிரிப்பா இது? யாரு சிரிப்புங்க இது?"

சிவபாண்டிக்கு யாருடைய சிரிப்பு என்று தெரியும். வண்டியை எடுத்தான். பெரிய மையத்தின் பக்கம் திருப்பவில்லை. வாடிப்பட்டி போகிற வழியில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு என்று திவ்யா வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஓட்டுக் கட்டடம். பெயர்ப்பலகை ஒரே வரி. நீரூற்று இல்லை, குழாயடியில் ஒரு வாளி இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் பிடித்திருக்கிறது, நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள் என்று சொல்லி, ஊசிக்கும் வலி மருந்துக்கும் எழுதினார். நர்ஸ் ஒருத்தி மருந்தை அளந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்கும் பூட்டு இருந்திருக்கும். திறக்க ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். "எம்புட்டுத்தா வலிக்குது?"

பவதாரிணி அவளைப் பார்க்கவில்லை. சிவபாண்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"எம்புட்டு சொல்லணும்ப்பா?"

திவ்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவபாண்டி எதையோ சொல்ல வாயெடுத்தான். என்ன எண்ணைச் சொல்வது என்று தெரியவில்லை.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. நீங்க இருந்தா பிள்ளை சொல்லாது."

வெளியே வந்து நின்றான். கதவு வெறும் பிளைவுட். கொஞ்ச நேரம் நர்ஸின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. பிறகு பவதாரிணி அழத் தொடங்கினாள். இத்தனை வாரமாக அட்டையைப் பார்த்துச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. "வலிக்குது, வலிக்குது" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. மருந்து வாங்க நின்றிருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அண்ணே, கிளமெண்ட் பேசுறேன். பாப்பா இன்னைக்கு எம்புட்டு?"

சிவபாண்டி போனைக் கதவுக்கு நேராக நீட்டினான். பிறகு காதில் வைத்தான்.

"என்னண்ணே சத்தம்? மார்க்கெட்டுல இருக்கீங்களா?"

"எம் பிள்ளைதேன் சார். அழுகுது."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது. "அழுகுற மொகம் நம்ம அட்டையில இல்லையேண்ணே" என்றார் கிளமெண்ட். உண்மையிலேயே வருத்தப்பட்டார், கெட்ட மனிதர் இல்லை. "கண்ணாடி கழட்டுனதப் போட்டுக்கவா?"

உள்ளே மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். அழுகை தேய்ந்து விம்மலாகி, விம்மல் பேச்சாகிக்கொண்டிருந்தது. பூனையைப் பற்றி ஏதோ சொன்னாள். நர்ஸ் சிரித்தாள். அதற்குப் பிறகு பவதாரிணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் அந்தக் கதவு எதையும் மறைக்கிற கதவு இல்லை.

"நான் அழுதேன்னு எங்கப்பாட்டச் சொல்லிறாதீக சிஸ்டர்."